ஆயிரம் டன்னுக்கு ஒரு வோட்டு

மாதம் பிறந்து சில தினங்களுக்குள் தோட்டக் காரியாலயத்திலிருந்து சர்க்காருக்குப் போய்ச் சேரவேண்டிய கணக்குகளில் ரப்பர்க் கணக்கும் ஒன்று. சென்ற மாதத்தில் எடுத்த பால் எவ்வளவு, ஒட்டுப்பால் எவ்வளவு, விற்றது எவ்வளவு, ஸ்டோரில் மிஞ்சியது எவ்வளவு, வேலைக்கு இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கட்டங்கட்டமாகக் கேட்டிருக்கும். கேட்டதை நிரப்பி அனுப்புவது கிராணியின் வேலை. முன்பு காகிதத்தில் அனுப்பினோம். இன்று கணினி வழியாக அனுப்புகிறோம்.

இதை எழுதுகிறவன் பத்தாண்டுகளுக்கு மேலாக அவ்வேலையைச் செய்து வருகிறவன். சென்ற ஆண்டு ஒரு நாள், நிறுவை முடிந்து பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மையார், "ஐயா, இதையெல்லாம் எழுதி எழுதி அனுப்புகிறீர்களே, யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். "சர்க்கார் பார்க்கிறது" என்றேன். "பார்த்து?" என்றார். அதற்கு மறுமொழி கூற என்னிடம் ஒன்றுமில்லை. பள்ளியில் ஆங்கிலத்தில் படித்த சரித்திரத்தில் நெப்போலியன் இருந்தான், விக்டோரியா மகாராணி இருந்தாள். நம் சோற்றுக்கு ஆதாரமான இந்தக் கணக்கு எதற்காகத் தோன்றிற்று என்பது மட்டும் இல்லை. பின்னர் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை நேயர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பண்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நெல் பயிரிடுகிறவன் இந்தப் போகத்தில் விலை சரிந்தால் அடுத்த போகத்தில் எள்ளோ உளுந்தோ விதைத்துக்கொள்ளலாம். கித்தா நட்டவனுக்கு அந்த வசதியில்லை. கன்று மரமாகிக் கத்தி ஏற ஆறேழு ஆண்டு செல்லும். கத்தி ஏறிய மரம் இருபத்தைந்து ஆண்டுக்குக் குறையாமல் பால் தரும். விலை உச்சத்தில் இருந்தபோது ஆசைப்பட்டு நட்டவர்களெல்லாம் ஒரே காலத்தில் சீவத் தொடங்குவதால் சந்தையில் வெள்ளம் பெருகுகிறது. விலை விழுந்ததே என்று அவர்கள் கத்தியைக் கீழே வைப்பதுமில்லை. கடனும் வட்டியும் கழுத்தை நெரிப்பதால் முன்னிலும் அதிகமாகச் சீவுகிறார்கள். விலை மேலும் விழுகிறது. ஒருவன் மட்டும் நிறுத்தினால் அவனுக்கே நஷ்டம். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் எல்லோருக்கும் லாபம். ஆனால் 'எல்லோரும்' என்பவர்கள் பல கொடிகளின் கீழ் வாழ்கிறார்கள். தேசங்களுக்கிடையே ஒப்பந்தம் என்ற எண்ணம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேஸில் நாட்டிலிருந்து எழுபதினாயிரம் விதைகளைக் கப்பலேற்றி லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் சேர்த்தார். அவற்றில் முளைத்தவற்றின் வழிவந்த இருபத்திரண்டு கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூரை அடைந்தன. 1910ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டிற்று. மலாயாவின் காடுகள் சாய்ந்தன. கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினர். அப்போது நட்டவையும் அதன்பின் நட்டவையும் சேர்ந்து பால் சுரந்த நேரத்தில் முதல் மகாயுத்தத்துக்குப் பிந்திய வியாபார மந்தம் வந்து சேர்ந்தது. 1922ஆம் ஆண்டில் அதே ராத்தல் ஏழெட்டுப் பென்ஸுக்கு இறங்கிவிட்டது.

அக்காலத்தில் பிரிட்டனின் குடியேற்ற நாட்டு மந்திரியாக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். தோட்டக் கம்பெனிகளில் பங்குப் பணம் போட்டிருந்தவர்களின் கூக்குரல் அவர் செவிக்கு எளிதில் எட்டியது. 1921இல் ஸர் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸன் தலைமையில் ஒரு கமிட்டியை அவர் நியமித்தார். அக்கமிட்டி முதலில் கூறிய அபிப்பிராயம் நேர்மையானது: டச்சுக்காரர் சேராமல் நாம் மட்டும் உற்பத்தியைக் குறைப்பது பயன் தராது. டச்சு சர்க்கார் சேர மறுத்தது. சேர மறுத்தபின்னும், 1922 நவம்பர் முதல் தேதி தொடங்கி மலாயாவிலும் இலங்கையிலும் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. பெரியவர்கள் தம் சொந்த அறிக்கையையே மறந்துவிடுவது அன்று தொடங்கிய வழக்கமன்று, அன்றோடு முடிந்ததுமன்று.

திட்டத்தின் முறை இது. 1920 அக்டோபரில் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் ஒவ்வொரு தோட்டமும் எவ்வளவு எடுத்ததோ அதை அத்தோட்டத்தின் நிலையளவு என்று குறித்துக்கொள்வது. அதில் நூற்றுக்கு அறுபது பங்கை மட்டும் சிறு தீர்வையோடு ஏற்றுமதி செய்ய விடுவது. மிஞ்சினால் மிஞ்சியவனை மிரட்டும் அளவுக்குத் தீர்வை போடுவது. லண்டனில் மூன்று மாதச் சராசரி விலை ஏறினால் பங்கு ஏறும், இறங்கினால் இறங்கும். இதற்காக ஒவ்வொரு தோட்டத்தின் பழைய கணக்கும் கேட்கப்பட்டது. சிறு தோட்டக்காரனிடம் கணக்கு ஏது? மூன்று ஏக்கர் மரத்தைக் குடும்பத்தோடு சீவி, ஷீட்டைச் சைக்கிளில் கட்டித் தவுக்கே கடைக்குக் கொண்டுபோகிற மலாய்க்காரரிடமும் சீனரிடமும் 'சென்ற ஆண்டு எத்தனை ராத்தல்?' என்று கேட்டால் அவர் என்ன காட்டுவார்? ஏக்கருக்கு இவ்வளவு என்று அதிகாரிகளே ஒரு தொகையை மதிப்பிட்டார்கள். எழுதி வைத்தவனுக்கு ஏட்டில் உள்ள அளவு. எழுதாதவனுக்கு அதிகாரியின் மனத்தில் உள்ள அளவு. ஏடு எழுதுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு, அதனுள் இவ்வளவு பெரிய அநீதி ஒளிந்திருக்க முடியும் என்று அதுவரை தோன்றியதில்லை.

விலை ஏறிற்று என்பது மெய். 1925ஆம் ஆண்டில் ராத்தல் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. ஆனால் அன்று உலகத்து ரப்பரில் பெரும்பகுதியை, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை, வாங்கியது அமெரிக்கா. அந்நாட்டு வர்த்தக மந்திரி ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் ஜனாதிபதியானவர், இதைப் பகிரங்கக் கொள்ளை என்றே கருதிக் கிளர்ச்சி செய்தார். பழைய டயர்களை உருக்கி மறுபடி பயன்படுத்தும் தொழில் வளர்ந்தது. ஹார்வி பயர்ஸ்டோன் 1926இல் ஆப்பிரிக்காவில் லைபீரிய சர்க்காரிடம் பத்து லட்சம் ஏக்கரைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். ஹென்றி போர்டு மறு ஆண்டு பிரேஸிலின் தபஜோஸ் நதிக்கரையில் தம் பெயரால் ஒரு நகரமே எழுப்பப் புறப்பட்டார்; அங்கே இலைக்கருகல் நோய் அவருடைய மரங்களைத் தின்றுவிட்டது, 1945இல் நிலம் பிரேஸில் சர்க்காரிடம் திரும்பிற்று.

இவர்களையெல்லாம்விட அமைதியாகக் காரியம் பார்த்தவர்கள் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருந்த சாதாரணக் குடியானவர்கள். மலாயாக்காரன் கட்டுப்பட்டிருக்க, அவர்கள் நெற்காட்டின் ஓரங்களிலெல்லாம் ரப்பரை நட்டுத் தள்ளினார்கள். 1922இல் உலக ஏற்றுமதியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இருந்த டச்சுத் தீவுகளின் பங்கு 1927இல் மூன்றில் ஒன்றுக்கு மேலாயிற்று. மலாயாக் கரையிலிருந்து இரவோடிரவாகப் படகேறிப் பக்கத்து டச்சுத் தீவுக்குப் போன ரப்பர், அங்கிருந்து டச்சு ரப்பராகப் பெயர் மாறிச் சிங்கப்பூர் வந்து இறங்கிய வேடிக்கையும் உண்டு. 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடப்போகும் செய்தி வெளியானதுமே விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போயிற்று.

அடுத்து வந்தது உலகப் பெருமந்தம். 1932ஆம் ஆண்டில் ரப்பரின் விலை ராத்தலுக்கு இரண்டு பென்ஸுக்கும் கீழே தாழ்ந்த நாட்கள் உண்டு. இருபது ஆண்டுகளுக்குச் சற்று முன்பு பன்னிரண்டு ஷில்லிங், அதாவது நூற்று நாற்பத்து நான்கு பென்ஸ், விற்ற பண்டம் அது.

இந்த இடத்தில் எண்களை விட்டு ஆட்களிடம் வரவேண்டும். 1928, 1929 ஆண்டுகளில் மலாயாவின் முக்கிய தோட்டப் பகுதிகளில் தென்னிந்தியத் தொழிலாளருக்கு விதிக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அது 40 காசும் 32 காசுமாயிற்று. பிறகு அதிலும் தாழ்ந்தது. அவ்வாண்டிலேயே ஆட்களைச் செலவு கொடுத்துக் கொண்டுவருவது நின்றது. இருந்தவர்களைத் திருப்பியனுப்புவது தொடங்கியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். இதற்கான செலவை இந்தியர் குடியேற்ற நிதியிலிருந்து கொடுத்தார்கள். வேலையில்லாதவனை இந்நாட்டில் வைத்துச் சோறு போடுவதைவிட நாகப்பட்டினத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுப்பது மலிவு என்ற கணக்கு அது. கணக்கு என்ற அளவில் அதில் பிழை காண முடியாது.

அந்தக் கப்பல்களில் ஒன்றில் 1931ஆம் ஆண்டில் என் கொள்ளுப்பாட்டனார் சென்றார் என்பது எங்கள் வீட்டில் வழங்கும் செய்தி. மனைவியும் இரு குழந்தைகளும் உடன் சென்றனர். ஊரில் நிலமில்லை, விட்டுவந்த குடிசையில் வேறொருவர் இருந்தார். 1934இல் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார். நால்வராகப் போனவர்கள் மூவராக வந்தார்கள். ஏன் 1931இல் வேண்டாமென்றார்கள், ஏன் 1934இல் வா என்றார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விலை ஏறிற்றாம், இறங்கிற்றாம் என்பதோடு அவரறிந்த பொருளாதாரம் முடிந்தது.

அந்த 1934ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகிய சர்க்கார்கள் அதில் ஒப்பமிட்டன. மலாயா, டச்சுத் தீவுகள், இலங்கை, இந்தியா, பர்மா, வட போர்னியோ, சரவாக், சயாம் ஆகிய நாடுகளின் ரப்பர் அதற்குள் அடங்கிற்று. பிரெஞ்சு இந்தோ-சீனாவுக்குத் தனி ஏற்பாடு. உலகத்தில் ஏற்றுமதியாகும் ரப்பரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஒரே மேசையில் வந்து சேர்ந்தது. ஸ்டீவன்ஸன் திட்டத்தில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஜூன் முதல் தேதியிலிருந்து சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாட்டுக் கமிட்டி, ஸர் ஜான் காம்பெல் தலைமையில், லண்டனில் அமர்ந்து உலகத்துப் பால்மரங்களை ஆண்டது.

'ஆண்டது' என்று மிகைப்படக் கூறவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அடிப்படைப் பங்கு: 1934ஆம் ஆண்டுக்குப் புருணை உட்பட மலாயாவுக்கு 504,000 டன், டச்சுத் தீவுகளுக்கு 352,000 டன், இலங்கைக்கு 77,500 டன், இப்படி. அந்தப் பங்கில் இத்தனை சதவீதத்தை இந்தக் காலாண்டில் ஏற்றுமதி செய்யலாம் என்று கமிட்டி அறிவிக்கும். புதிதாக மரம் நடுதல் தடுக்கப்பட்டது. பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்வதற்கும் வரம்பு உண்டு. ரப்பர் விதையோ இலையோ மொட்டோ, முளைக்கத்தக்க எதுவுமோ, உடன்படிக்கை நாடுகளை விட்டு வெளியே போகக்கூடாது. பிரேஸிலிலிருந்து வந்த விதையால் வாழ்ந்தவர்கள் இந்த விதியை எழுதும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்களா என்று எண்ணத் தோன்றுகிறது.

கமிட்டியில் வோட்டு எவ்வாறு அளிக்கப்பட்டது? ஆயிரம் டன் அடிப்படைப் பங்குக்கு ஒரு வோட்டு. எவனுக்கு டன் அதிகமோ அவனுக்கு வோட்டு அதிகம். வாங்குகிற நாட்டாரின் பிரதிநிதிகளாக, அமெரிக்கர் ஒருவர் உட்பட, டயர்த் தொழிற்சாலைகளின் சார்பில் மூவர் ஆலோசனைக்காக அழைக்கப்பட்டனர்; ஆலோசனை சொல்லலாம், வோட்டு கிடையாது. மரத்தைச் சீவுகிற லட்சக்கணக்கான தமிழரும் சீனரும் ஜாவாக்காரரும் ஆலோசனைக்கும் அழைக்கப்படவில்லை. டன்னுக்கு வோட்டு இருந்தது. டன்னை இறக்கிய கைக்கு இல்லை.

டச்சுத் தீவுகளில் குடியானவர்களின் மரம் எத்தனை என்று அவர்கள் சர்க்காருக்கே தெரியாது. ஆகையால் தொடக்கத்தில் அவர்கள் ரப்பரின்மீது விசேஷ ஏற்றுமதி வரி போட்டார்கள். சீவுவதால் லாபமில்லை என்று அவர்களே நிறுத்தும்வரை வரியை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் குடியானவன் கைக்கு வந்த விலையைவிட சர்க்காருக்குப் போன வரி அதிகமாயிருந்தது. பிறகு மரம் எண்ண ஆட்களை அனுப்பி, தோட்டந்தோறும் கணக்கெடுத்து, தனித்தனியே கூப்பன் கொடுத்தார்கள். மலாயாவிலோ சிறு தோட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக்கு முன் நாட்டின் ரப்பரில் ஏறக்குறைய பாதியை எடுத்துவந்தார்கள். கட்டுப்பாட்டில் அவர்களுக்கு ஒதுக்கிய பங்கு அதற்குக் குறைவு. அவர்கள் மரங்களின் விளைவு தாழ்த்தி மதிப்பிடப்பட்டது என்பதைப் பொருளாதார அறிஞர் பி. டி. பவுர் 1948இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் இத்தகைய கட்டுப்பாடே கூடாதென்ற கொள்கையுடையவர். அவருடைய கணக்கை ஒப்புக்கொள்ளும் நாம் அவருடைய முடிவை முழுதும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கட்டுப்பாடே இல்லாத 1931ஆம் ஆண்டை எங்கள் குடும்பம் அறியும்.

கமிட்டியின் காரியம் பலித்தது. 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலை ஒரு ஷில்லிங்கை எட்டிற்று. அவ்வாண்டின் பிற்பாதியில் ஏற்றுமதிப் பங்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்று உயர்ந்தது. கூலி மட்டும் தானாக உயரவில்லை. இந்திய சர்க்கார் அனுப்பிய சீனிவாச சாஸ்திரியார் 1936ஆம் ஆண்டின் முடிவில் வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, பழைய 50 காசையும் 40 காசையும் மீட்டுத்தர வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை வேறு பல விஷயங்களில் முதலாளிகளுக்கு இதமாக இருந்ததென்று அன்றைய தமிழர் தலைவர்களிற் பலர் சினந்தார்கள். எனினும் 1937இல் அந்தக் கூலி மீண்டது.

மீண்டது நிலைக்கவில்லை. 1937 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் மறுபடியும் மந்தம் தோன்றி மோட்டார் வண்டி விற்பனை படுத்தது. லண்டன் கமிட்டி பங்கைக் குறைத்தது: 1938இன் முதற் காலாண்டில் எழுபது, அடுத்ததில் அறுபது, பிற்பாதியில் நாற்பத்தைந்து. ஓராண்டுக்குள் சரிபாதி. விலை காப்பாற்றப்படுவதற்காக அளவு குறைக்கப்பட்டது. அளவு குறைந்ததால் வேலை குறைந்தது. வேலை குறைந்ததால் கூலியையும் குறைக்கத் தோட்ட முதலாளிகள் சங்கம் முனைந்தது. டெட்ராய்டில் ஒருவன் வண்டி வாங்காமல் போனதற்கும் சிலாங்கூரில் ஒரு தாய் காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படாமல் நின்றதற்கும் இடையே இருந்த கண்ணிகள் இவைதாம். கண்ணிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. நம்மைப் போன்ற ஒரு கிராணியும் இருந்தான்.

இதற்கு இந்திய சர்க்கார் அளித்த பதில் சரித்திரத்தில் இடம்பெறத்தக்கது. 1938 ஜூன் மாதம் முதல், உதவிச் செலவில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை அது தடை செய்தது. மூன்று தலைமுறையாக ஓடிய ஆறு ஒரு கட்டளையில் நின்றது. இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்கவேண்டும். 1934ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்பமிட்ட சர்க்கார்களில் இந்திய சர்க்காரும் ஒன்று. திருவிதாங்கூர் முதலிய இடங்களின் ரப்பருக்காக அது லண்டன் மேசையில் உற்பத்தி செய்பவர் வரிசையில் அமர்ந்திருந்தது. அதே மேசையில் பிறந்த சதவீதத்தால் கூலி குறைந்தபோது தன் குடிகளுக்காக மலாயாவோடு வழக்காடவும் வேண்டி வந்தது. ரப்பரைப்பற்றிப் பேச ஓர் ஆசனம் இருந்தது. ஆளைப்பற்றிப் பேச அங்கே இடமில்லை. ஆகவே பேச்சுக்குப் பதிலாகக் கப்பலை நிறுத்தினார்கள். உடன்படிக்கையில் ஓர் அத்தியாயமாக இருந்திருக்கவேண்டியது, உடன்படிக்கைக்கு வெளியே தடையுத்தரவாக வந்தது.

யுத்தம் நெருங்கிற்று. 1939 ஜூனில் அமெரிக்காவும் பிரிட்டனும் பண்டமாற்று ஒன்று செய்தன. ஆறு லட்சம் பொதி பருத்திக்குச் சுமார் எண்பத்தையாயிரம் டன் ரப்பர். கட்டுப்பாட்டினால் கையிருப்பு குறைந்துகிடந்த அமெரிக்கருக்கு அது போதவில்லை. 1942 தொடக்கத்தில் மலாயாவும் டச்சுத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனதும், பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அந்நாடு பேய்வேகத்தில் எழுப்பியது. 1945இல் அவ்வாலைகள் எட்டு லட்சம் டன்னளவில் செய்து தள்ளின. இன்று உலகம் பயன்படுத்தும் ரப்பரில் பாதிக்கு மேல் செயற்கை ரப்பரே. பழைய கமிட்டி ஆள நாடும் மரமுமின்றி 1944 ஏப்ரலில் கலைந்தது.

அதே 1944ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா, பிரிட்டன், ஹாலந்து ஆகிய மூன்றும் சேர்ந்து மற்றோர் அமைப்பை ஏற்படுத்தின. சர்வதேச ரப்பர் ஆராய்ச்சிக் குழு என்பது அதன் பெயர். யாருடைய பங்கையும் அது நிர்ணயிப்பதில்லை. விளைவு, செலவு, இருப்பு ஆகியவற்றை நாடுதோறும் கேட்டு வாங்கி, ஒப்பிட்டு வெளியிடுவதே அதன் பணி. நான் மாதந்தோறும் நிரப்பும் கணக்கு சர்க்காரின் தொகையில் கலந்து இறுதியில் சென்றடையும் கடல் அதுவே. வெகுகாலம் லண்டனில் இருந்த அக்குழு 2008ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு இடம்மாறியது. முதற்கன்றுகள் வந்து இறங்கிய ஊருக்கே கணக்கும் வந்து சேர்ந்தது.

யுத்தத்துக்குப் பின் உலகம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். 1948இல் ஹவானாவில் கூடிய தேசங்கள் சர்வதேச வாணிப ஸ்தாபனம் ஒன்றுக்கு அமைப்புச் சட்டம் எழுதியபோது, பண்ட ஒப்பந்தங்களில் விற்கும் நாடுகளுக்கும் வாங்கும் நாடுகளுக்கும் சம வோட்டு வேண்டும் என்று விதித்தன. நியாயமான தொழில் நிலைமைகளைப் பற்றியும் அதில் ஒரு பிரிவு இருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் அதை ஏற்காததால் அந்த ஸ்தாபனம் பிறக்கவேயில்லை. ஆனால் கருத்து சாகவில்லை. 1979இல் ஜினீவாவில் நிறைவேறிய சர்வதேச இயற்கை ரப்பர் ஒப்பந்தத்தில் விற்போருக்கு ஆயிரம் வோட்டு, வாங்குவோருக்கு ஆயிரம் வோட்டு. ஏற்றுமதியைக் குறைப்பதற்குப் பதிலாக ஐந்தரை லட்சம் டன் வரை ரப்பரை வாங்கி வைக்கும் களஞ்சியம்: விலை விழுந்தால் வாங்குவது, ஏறினால் விற்பது. அதன் தலைமைக் காரியாலயம் கோலாலம்பூரில் அமைந்தது. 1934இல் இல்லாத ஒரு வாக்கியமும் அவ்வொப்பந்தத்தில் இருந்தது: ரப்பர்த் தொழிலாளரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தத்தக்க தொழில் நிலைமைகளைப் பேண அங்கத்தினர் முயல்வர் என்பது அதன் கருத்து. 'முயல்வர்' என்ற சொல்லைக் கண்டு சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஐம்பதாண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லுக்குக்கூட மேசையில் இடமில்லை.

அக்களஞ்சியம் 1980களின் தொடக்கத்தில் வாங்கி வைத்ததை, அப்பத்தாண்டின் இறுதியில் கையுறைத் தேவை பெருகி விலை ஏறியபோது விற்றுத் தீர்த்தது. முறை வேலை செய்தது. அதைக் கவிழ்த்தது 1997ஆம் ஆண்டின் ஆசிய நாணய நெருக்கடி. ஒப்பந்த விலை மலேசிய, சிங்கப்பூர்க் காசுகளில் குறிக்கப்பட்டிருந்தது. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தபோது டாலரில் விழுந்த ரப்பர் விலை ரிங்கிட்டில் விழாததுபோல் தோன்றிற்று. களஞ்சியம் வாங்கவேண்டிய நேரத்தில் வாங்கவில்லை. மலேசியா விலகியது, தாய்லாந்தும் தொடர்ந்தது, 1999 அக்டோபரில் அமைப்பு முடிவுற்றது. அளவுகோலே சுருங்கினால் அளப்பவன் என்ன செய்வான்!

அதன்பின் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் தனிக் கூட்டு வைத்துக்கொண்டன. 2019இல் நான்கு மாதங்களில் 240,000 டன் ஏற்றுமதியைக் குறைப்பதென்று அவை தீர்மானித்தன. மலேசியாவின் பங்கு அதில் 15,600 டன். ஒரு காலத்தில் 504,000 டன்னுக்குரிய வோட்டை வைத்திருந்த நாடு இது. 2023இல் இந்நாட்டின் முழு விளைவே நான்கு லட்சம் டன்னுக்குக் குறைவு. அக்கூட்டுக்கு வெளியே வியட்நாமும் ஐவரி கோஸ்டும் நட்டுச் சீவி விற்கின்றன. ஸ்டீவன்ஸன் காலத்தில் சுமத்ராக் குடியானவன் நின்ற இடம் அது. வாங்குபவர் இந்த மேசையில் இல்லை. ஆயிரத்துக்கு ஆயிரம் என்ற ஏற்பாடும் போயிற்று.

இதற்கிடையே புதுவிதக் கண்காணிப்பு ஒன்று வாங்குபவர் பக்கத்திலிருந்து வருகிறது. காட்டை அழித்து நட்ட மரத்தின் ரப்பரைத் தம் சந்தையில் விடுவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. ரப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்று பூகோளக் குறியோடு காட்டவேண்டும். டச்சு அதிகாரி அன்று காலால் நடந்து எண்ணியதை இன்று வானத்திலிருந்து பார்க்கிறார்கள். விளைந்த நாட்டின் தொழிற்சட்டம் மீறப்பட்டிருக்கக்கூடாது என்பதும் அச்சட்டத்தின் நிபந்தனைகளில் அடங்கும். அது நன்று. ஆயினும் மூன்று ஏக்கர்க்காரனிடம் மறுபடியும் ஏடு கேட்கப்படுகிறது. ஏடில்லாதவன் கதி என்ன என்பது 1922இலேயே ஒருமுறை தெரிந்த விஷயம்.

எங்கள் தோட்டத்தில் இன்று தமிழர் சிலரே. வங்காள தேசத்தவரும் இந்தோனேசியரும் பலர். அவர்களும் ஆண்டுக் கணக்கில் அனுமதி பெற்று வருகிறவர்கள். வேலையில்லையென்றால் அவர்களுக்கும் சீட்டு வாங்கிக் கொடுப்பதுதான் வழி. 1938இல் இந்திய சர்க்கார் செய்ததுபோல், ஆள் அனுப்பும் நாடுகள் இப்போதும் அவ்வப்போது கதவைச் சாத்தித்தான் பேசுகின்றன.

இவற்றில் ஒரு பாதியை வாளி கழுவிய அந்த அம்மையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 1938ஆம் ஆண்டின் நாற்பத்தைந்து சதவீதம் என்ற இடம் வந்ததும், "நூற்றுக்கு நாற்பத்தைந்து பேரா? மற்ற ஐம்பத்தைந்து பேரும் எங்கே போனார்கள்?" என்று கேட்டார். ஆளுக்கு விதித்த சதவீதமன்று, ரப்பருக்கு விதித்தது என்று விளக்கினேன். "சரிதான் ஐயா, அவர்கள் எங்கே போனார்கள்?" என்றார்.